அனிமல் கிங்டம் முதல்முறை போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளோரிடாவில் ஒர்லாண்டோ பக்கம் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நான்கு பெரிய பூங்காக்கள் உண்டு. அவற்றில் கடைசியாக வந்தது அனிமல் கிங்டம். 1998 ஏப்ரல் 22, பூமி தினத்தன்று திறந்தார்கள். மற்ற மூன்றுக்கும் போடுகிற திட்டத்தை அப்படியே இங்கேயும் போட்டுக்கொண்டு வருவதுதான் முதல்முறை வருபவர்களின் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்தே கிளம்புகின்றன.

இது மிருகக்காட்சி சாலையா, ரைடு பூங்காவா?

இரண்டும். ரைடு மட்டும் எதிர்பார்த்து வந்தவர் "நாலைந்துதான் இருக்கிறது, அவ்வளவுதானா?" என்பார். விலங்கு மட்டும் பார்க்க வந்தவர், இவ்வளவு விலையில் டிக்கெட் எடுத்தும் கூட்டத்தில் நிற்கிறோமே என்று சலித்துக்கொள்வார். திறந்த புதிதில் டிஸ்னியே "இது ஜூ இல்லை" என்று விளம்பரம் செய்தது. ஆனால் உயிர்க்காட்சி சாலைகளுக்கான அமெரிக்கச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற இடம் இது. விலங்கு மருத்துவர்களும் பராமரிப்பாளர்களும் இங்கே முழுநேர வேலையில் இருக்கிறார்கள்.

பரப்பளவு சுமார் 580 ஏக்கர். அதில் சஃபாரி நிலம் மட்டுமே 110 ஏக்கர் அளவுக்கு வரும். டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களில் இதுதான் பெரியது. ஆனால் நீங்கள் நடக்கக்கூடிய பகுதி அந்த அளவுக்குப் பெரிதில்லை, எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அரை நாள் போதும் என்கிறார்களே?

வேண்டுமென்றால் அரை நாளில் முடிக்கலாம். ரைடு ரைடாக ஓடி, நடுவில் உள்ளதையெல்லாம் கண்டுகொள்ளாமல் வந்தால் மதியம் இரண்டு மணிக்கே வாசலுக்கு வந்துவிடுவீர்கள். அப்படி வருபவர்கள்தான் "ஒன்றுமே இல்லை" என்று சொல்கிறார்கள்.

வாசலைத் தாண்டியதும் 'ஒயாசிஸ்' என்று ஒரு பசுமையான பகுதி வரும். வளைந்த பாதை, அருவி, இரண்டு பக்கமும் மரக்கூட்டம். அந்த மரங்களுக்குள் பெரிய எறும்புத்தின்னி, வளைந்த கொம்பு போன்ற பற்கள் கொண்ட பாபிரூசா பன்றி என்று பல விலங்குகள் இருக்கின்றன. காலையில் பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைப் பார்க்காமலே ஓடுகிறார்கள். முதல் ரைடு அவசரத்தில் ஓடுவதில் தப்பில்லை, திரும்பும்போதாவது நின்று பாருங்கள். அடுத்து நடுவில் நிற்கும் ஜீவ மரம். 145 அடி உயரம், அடிமரத்திலும் வேரிலும் 300க்கும் மேற்பட்ட விலங்கு உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மரம் செயற்கைதான், உள்ளே தாங்கி நிற்கும் எலும்புக்கூடு கடலில் எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்குப் பயன்படுத்தும் வகைக் கட்டமைப்பு. தூரத்தில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு நகர்ந்தால் செதுக்கல்கள் கண்ணில் படாது. மரத்தைச் சுற்றி ஓடும் சிறு பாதைகளில் நடந்தால்தான் தெரியும்.

காலையில் எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும்?

மற்ற பூங்காக்களை விட இது சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூடுகிறது. பல நாட்களில் காலை எட்டு மணிக்கே திறந்துவிடும், மாலை ஆறு ஏழு மணிக்குள் மூடிவிடும். டிஸ்னி ஓட்டல்களில் தங்குபவர்களை அரை மணி நேரம் முன்னதாகவே உள்ளே விடுவார்கள். நீங்கள் வெளி ஓட்டலில் தங்கினால், அறிவித்த நேரத்துக்குச் சரியாக வந்து சேரும்போது உங்களுக்கு முன்னால் ஒரு கூட்டம் ஏற்கெனவே வரிசையில் இருக்கும். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மோனோரயில் கிடையாது. டிஸ்னி ஓட்டலிலிருந்து வந்தால் பேருந்துதான். முந்தைய நாள் ராத்திரி இன்னொரு டிஸ்னி பூங்காவான மேஜிக் கிங்டத்தில் வாணவேடிக்கை பார்த்துவிட்டுத் தாமதமாகத் தூங்கி, மறுநாள் காலை இங்கே வருவதாகத் திட்டம் போடாதீர்கள். குழந்தைகள் இருந்தால் அது நடக்கவே நடக்காது.

சஃபாரிக்கு எப்போது போவது? மதியம் போனால் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்குமாமே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். பாதி உண்மை.

கிளிமஞ்சாரோ சஃபாரி என்பது திறந்த லாரியில் சுமார் 20 நிமிடம் போகும் பயணம். ஒட்டகச்சிவிங்கி, யானை, காண்டாமிருகம், நீர்யானை, முதலை, சிவிங்கிப்புலி, சிங்கம் எல்லாம் உண்டு. உயரக் கட்டுப்பாடு இல்லை, கைக்குழந்தையோடும் போகலாம். காலை வெயில் ஏறுவதற்கு முன் விலங்குகள் நடமாட்டம் கூடுதல் என்பது சரி. ஆனால் மதியம் போனால் ஒன்றுமே தெரியாது என்பது மிகை. சிங்கம் மட்டும் எந்த நேரத்திலும் சோம்பேறிதான். காட்டில் கூட அது நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கும். யானையும் ஒட்டகச்சிவிங்கியும் நண்பகலிலும் நடமாடும். மழை பெய்து ஓய்ந்த பிறகு வெக்கை குறைந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

உண்மையில் தவறு வேறு இடத்தில் நடக்கிறது. சஃபாரியைக் கடைசிக்கு வைக்கிறார்கள். பூங்கா ஏழு மணி வரை திறந்திருந்தாலும் சஃபாரி அதற்கு முன்பே மூடிவிடலாம், குறிப்பாகச் சீக்கிரம் இருட்டும் குளிர்காலத்தில். இருட்டினால் என்ன தெரியும்? நடைபாதைகளுக்கும் இதே கதைதான். அன்றைய மூடும் நேரத்தை டிஸ்னியின் ஆப்பில் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, ஒரு முறைதான் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வரிசை குறைவாக இருந்தால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு முறை போகலாம். இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. ஒட்டகச்சிவிங்கி சாலைக்கு நடுவில் வந்து நின்றுவிட்டால் அது நகரும் வரை வண்டி நிற்கும். அந்த மாதிரித் தாமதம் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சஃபாரியில் படம் ஒழுங்காக வரவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

வண்டி குலுங்கும். சாலையின் பள்ளமும் சக்கரத் தடமும் வேண்டுமென்றே செய்தவை, நிஜ மண் சாலை போலத் தெரிய வேண்டும் என்று. நாம் கேட்டால் ஓட்டுநர் நிறுத்த மாட்டார். அதனால் போனை ஒரே பக்கம் நீட்டிக்கொண்டு 20 நிமிடமும் வீடியோ எடுப்பதை விட, நல்ல காட்சி வரும்போது மட்டும் தொடர் படம் எடுக்கும் வசதியைப் போட்டு ஐந்தாறு தட்டித் தள்ளுங்கள். ஓரத்து இருக்கை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் பெரிய நஷ்டம் இல்லை. நடுவில் வேலி எதுவும் தெரியாதே, சிங்கம் பாய்ந்துவிடாதா என்று குழந்தைகள் கேட்பார்கள். அகழிகளும் தடுப்புகளும் கண்ணில் படாதபடி மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன.

சஃபாரி முடிந்ததே, விலங்கு எல்லாம் பார்த்தாயிற்று இல்லையா?

இல்லை. கொரில்லாவும் புலியும் சஃபாரியில் கிடையாது. அவற்றைப் பார்க்க நடக்க வேண்டும், வரிசையே இல்லாமல் பார்க்கலாம், ஆனாலும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எனக்குக் கேட்டால் இந்தப் பூங்காவின் சிறந்த பகுதி இந்த இரண்டு நடைபாதைகள்தான்.

சஃபாரியை விட்டு இறங்கியதும் பக்கத்திலேயே கொரில்லா ஃபால்ஸ் பாதை ஆரம்பிக்கும். கொரில்லாக் குடும்பம், கண்ணாடித் தொட்டிக்குப் பின்னால் தண்ணீருக்கடியில் நடக்கும் நீர்யானை, முடியே இல்லாத துன்னெலி எல்லாம் இதில் வரும். நீர்யானையைச் சஃபாரியில் பார்த்திருப்பீர்கள், அங்கே முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும். இங்கே முழு உடம்பும் கண்ணுக்கு முன்னால் நகரும்.

ஆசியப் பகுதியில் மகாராஜா ஜங்கிள் ட்ரெக். ஆனந்தபூர் என்று ஒரு கற்பனை ராஜ்யத்தை உருவாக்கி, அதன் பாழடைந்த அரண்மனைக்குள் புலிகளை விட்டிருக்கிறார்கள். பழந்தின்னி வௌவால்களையும் கொமோடோ டிராகனையும் பார்த்துக்கொண்டே போகலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பகுதியில் கூடுதல் சுவாரஸ்யம் உண்டு. சுவரில் மங்கிய விளம்பரம், கொடியில் காயும் துணி, மரத்தடிக் கோயில் என்று எதையும் விடவில்லை. சில இடங்களில் "இது எந்த நாடு, நேபாளமா, தாய்லாந்தா?" என்று குழப்பம் வரும். பல நாடுகளைக் கலந்துதான் செய்திருக்கிறார்கள்.

புலி படுத்துக் கிடந்தால் இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்தால் எழுந்து ஒரு நடை நடக்கும் வாய்ப்பு உண்டு. கண்ணாடியைத் தட்டுவது, விசிலடிப்பது, ஃப்ளாஷ் போடுவது எல்லாம் வேண்டாம். தட்டினால் எழுந்திருக்கும் என்பது பொய், நகர்ந்து உள்ளே போய்விடும்.

அவதார் ரைடுக்கு இரண்டு மணி நேரம் வரிசை காட்டுகிறதே?

அவதார் படத்தின் உலகத்தை வைத்து அமைத்த பண்டோரா பகுதி 2017 மே மாதம் திறந்தது. அதில் உள்ள ஃப்ளைட் ஆஃப் பாசேஜ்தான் பூங்காவிலேயே அதிகம் பேர் முண்டியடிக்கும் ரைடு. திறந்ததும் எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள், அதனால் ஒன்பது மணிக்கு வரிசை உச்சத்தில் இருக்கும். முன்னதாக உள்ளே நுழையும் வாய்ப்பு இருந்தால் முதலில் அங்கே போங்கள். இல்லையென்றால் காலையில் அந்தப் பக்கமே போகாமல் சஃபாரிக்குப் போய்விட்டு, பூங்கா மூடுவதற்குச் சற்று முன் வரிசையில் சேருங்கள். மூடும் நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டால் உங்களை ஏற்றிவிடுவார்கள்.

பைக்கில் உட்காருவது போலக் குனிந்து உட்கார வேண்டும், முதுகிலும் காலிலும் பிடி வந்து இறுக்கும். உடல்வாகு பெரிதாக இருப்பவர்களுக்குச் சில சமயம் பூட்டு விழாது. இரண்டு மணி நேரம் நின்ற பிறகு அது தெரிந்தால் சங்கடம். வெளியே சோதித்துப் பார்க்க ஓர் இருக்கை வைத்திருப்பார்கள், ஊழியரிடம் கேளுங்கள்.

அதன் பக்கத்திலேயே நாவி ரிவர் ஜர்னி என்ற படகுப் பயணம் இருக்கிறது. அழகானது, சிறியது. அதற்காக ஒரு மணி நேரம் நிற்காதீர்கள்.

லைட்னிங் லேன் வாங்க வேண்டுமா?

வரிசையைத் தாண்டிப் போவதற்குக் கட்டும் கூடுதல் பணம் அது. ஒரே ரைடுக்கு வாங்குவதைச் சிங்கிள் பாஸ் என்றும், பல ரைடுகளுக்குச் சேர்த்து வாங்குவதை மல்டி பாஸ் என்றும் சொல்கிறார்கள். டிஸ்னி ஓட்டலில் தங்கினால் வருகைக்கு 7 நாள் முன்பும், மற்றவர்கள் 3 நாள் முன்பும் பதிவு செய்யலாம்.

நான்கு பூங்காக்களில் மல்டி பாஸின் தேவை மிகக் குறைவாக இருப்பது இங்கேதான். காலை எட்டு மணிக்கு உள்ளே இருந்தால் அந்தப் பணம் மிச்சம். விடுமுறைக் கூட்டத்தில் போகிறீர்கள், ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் கட்டாயம் வேண்டும் என்றால் அதற்கு மட்டும் சிங்கிள் பாஸ் வாங்குங்கள். எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் என்ற ரோலர் கோஸ்டரில் தனியாக வருபவர்களுக்கான வரிசை ஒன்று உண்டு. சேர்ந்து உட்கார முடியாது, ஆனால் சீக்கிரம் ஏறலாம்.

இணையத்தில் படித்தது ஒன்று, அங்கே நடப்பது ஒன்றாக இருக்கிறதே?

பழைய கட்டுரையைப் படித்திருப்பீர்கள். இந்தப் பூங்கா சமீபத்தில் நிறைய மாறிவிட்டது. வரிசையைத் தாண்டிப் போக முன்பு இருந்த ஃபாஸ்ட்பாஸ் என்பது இப்போது இல்லை. அதற்குப் பின் வந்த ஜீனி ப்ளஸும் 2024 ஜூலையில் போய்விட்டது. தேதி குறிப்பிட்ட டிக்கெட் இருந்தால், 2024 ஜனவரியிலிருந்து பூங்காவுக்கு முன்பதிவு தனியாகச் செய்ய வேண்டியதில்லை. ஜீவ மரத்துக்குள் நடந்த பூச்சிகள் ஷோ 2025இல் முடிந்து, அதே அரங்கில் அந்த ஆண்டு நவம்பரிலிருந்து ஜூடோபியா படத்தை வைத்து ஒரு ஷோ நடக்கிறது. டைனோசர் ரைடும் 2026 பிப்ரவரி தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டது, அந்த இடத்தில் வெப்பமண்டல அமெரிக்காவை வைத்துப் புதிய பகுதி கட்டுகிறார்கள். டைனோசர் பார்க்கலாம் என்று குழந்தைக்கு ஆசை காட்டி அழைத்துப் போய்விடாதீர்கள்.

எந்தக் குழந்தை எந்த ரைடில் ஏறலாம்?

வயதைப் பார்க்க மாட்டார்கள், உயரம்தான் கணக்கு. ஃப்ளைட் ஆஃப் பாசேஜுக்கும் எவரெஸ்டுக்கும் 112 செ.மீ. வேண்டும். காளி ரிவர் ராபிட்ஸ் என்ற நீர் ரைடுக்கு 97 செ.மீ. சஃபாரிக்கும் நாவி படகுக்கும் உயரக் கட்டுப்பாடு இல்லை. வீட்டிலேயே செருப்போடு அளந்து பாருங்கள். வாசலில் அளவுகோல் வைத்திருப்பவரிடம் கெஞ்சிப் பயனில்லை.

குழந்தை ஏற முடியாவிட்டால் ரைடர் ஸ்விட்ச் என்று கேளுங்கள். ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் போய் வருவார். பிறகு இவர் மீண்டும் முழு வரிசையில் நிற்காமல் போகலாம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை, கேட்காதவர்களுக்கு மட்டும் கிடைக்காது.

சின்னப் பிள்ளைகளுக்கு வைல்டர்னஸ் எக்ஸ்ப்ளோரர்ஸ் என்று ஓர் இலவசப் புத்தகம் கொடுப்பார்கள். பூங்கா முழுக்க ஆங்காங்கே இருக்கும் மேசைகளில் விலங்கு பற்றிய சின்ன வேலை ஒன்றைச் செய்தால் ஸ்டிக்கர் கிடைக்கும். இதைத் தொடக்கத்திலேயே வாங்கிவிட்டால், "கால் வலிக்கிறது" என்ற புலம்பல் பாதியாகக் குறையும். குழந்தையை வைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலர் வண்டி கொண்டு வரலாம், இழுத்துச் செல்லும் வேகன் வண்டிக்கு 2019 முதல் அனுமதி இல்லை.

அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. நான்கு பூங்காக்களில் பெரியவர்களுக்கு மிகவும் பிடிப்பது பெரும்பாலும் இதுதான். ரைடில் ஏறாமலே ஒரு முழு நாள் பார்க்க இருக்கிறது. ஃபெஸ்டிவல் ஆஃப் தி லயன் கிங் ஷோ அரை மணி நேரம், குளிரூட்டிய அரங்கு. மதிய வெயிலில் அங்கே உட்கார வைத்துவிடலாம். நடை அதிகம், ஏற்ற இறக்கமும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் "நான் நடந்துவிடுவேன்" என்று சொன்னாலும் வாசலில் வாடகைக்குக் கிடைக்கும் சக்கர நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். சஃபாரி வண்டி நன்றாகவே குலுங்கும், முதுகுவலி, கழுத்துவலி இருப்பவர்கள் யோசித்து ஏறட்டும்.

எவரெஸ்ட் வேண்டாம். அது மணிக்கு 80 கி.மீ. வேகம் போகும் ரோலர் கோஸ்டர், இருட்டில் பின்பக்கமாகவும் ஓடும். வெளியிலிருந்து பார்க்கையில் மலை ரயில் போலச் சாதுவாகத் தெரிவதால் பலர் ஏமாந்து ஏறிவிடுகிறார்கள்.

காளி ரிவர் ராபிட்ஸில் எவ்வளவு நனைவோம்?

முழுக்க. "கொஞ்சம் தெறிக்கும்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஜீன்ஸும் ஷூவும் நனைந்து மிச்ச நாள் முழுக்க அதோடு நடப்பதுதான் இங்கே அதிகம் பார்க்கக் கிடைக்கும் கொடுமை. பக்கத்தில் லாக்கர் இருக்கிறது, குறிப்பிட்ட நேரம் வரை காசு கேட்பதில்லை. பர்ஸ், போன், காலுறை எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு ஏறுங்கள். குளிர்காலக் காலையில் ஏற வேண்டாம்.

எந்த மாதம் போனால் நல்லது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை வெக்கையும் பிற்பகல் இடிமழையும் நிச்சயம் உண்டு. மின்னல் வந்தால் எவரெஸ்ட், காளி, சஃபாரி போன்ற வெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். எனவே வெளியே உள்ளதைக் காலையிலும் அரங்கில் உள்ளதைப் பிற்பகலிலும் வையுங்கள். மழை வந்ததும் பெரும் கூட்டம் வாசலைப் பார்த்து ஓடும். நீங்கள் ஒரு ரெயின்கோட்டோடு நின்றுவிட்டால், அரை மணியில் மழை விட்டதும் வரிசைகள் பாதியாகியிருக்கும்.

உணவு, தண்ணீர் கொண்டு போகலாமா? சைவம் கிடைக்குமா?

சொந்த உணவு கொண்டு போகத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள், விரைவு உணவுக் கடைகளில் ஐஸ் தண்ணீர் கேட்டால் சும்மா தருவார்கள். பண்டோராவில் உள்ள சாட்டுலி கேண்டீனில் டோஃபு வைத்த கிண்ண உணவு உண்டு. பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் பசித்து வருவார்கள், நீங்கள் ஆப்பில் பதினொரு மணிக்கே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

குளிர்பானத்துக்குக் காகித ஸ்ட்ரா கொடுப்பார்கள், பிளாஸ்டிக் மூடி இருக்காது. காற்றில் பறந்து போய் விலங்கின் வயிற்றுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. பலூனுக்கும் அதே காரணத்தால் தடை. பிறந்தநாள் பலூனோடு வந்தால் வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

வாணவேடிக்கை எத்தனை மணிக்கு?

இங்கே கிடையாது. விலங்குகள் மிரளும். பண்டோராவின் செடிகளும் தரையும் இருட்டில் ஒளிர்வதைப் பார்க்க வேண்டுமென்றால், சூரியன் சீக்கிரம் மறையும் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் வந்து மூடும் வரை இருங்கள். கோடையில் இருட்டுவதற்குள் பூங்கா மூடிவிடும் நாட்கள் அதிகம்.

அனிமல் கிங்டம் லாட்ஜில் தங்கினால் பூங்காவுக்கு நடந்து போகலாமா?

முடியாது. பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. 2001இல் திறந்த ஓட்டல் அது, பூங்காவுக்குப் பேருந்தில்தான் வர வேண்டும். ஆனால் அதற்கென்றே தனிப் புல்வெளிகளும் விலங்குகளும் உண்டு. சில அறைகளின் பால்கனியிலிருந்தே வரிக்குதிரை தெரியும். அறை எடுக்கும்போது 'சவானா காட்சி' என்று போட்டிருக்கிறதா எனப் பாருங்கள், இல்லையென்றால் கார் நிறுத்துமிடம் தெரியும் அறைகூடக் கிடைக்கலாம்.

அங்கே தங்காவிட்டாலும் சாப்பிடப் போகலாம். கிடானி வில்லேஜ் கட்டடத்தில் சனா என்ற உணவகம் இருக்கிறது. நாண் வகையறா ரொட்டிகளும் சட்னிகளும் ஊறுகாயும் வைத்து ஒரு தட்டு தருவார்கள், ஜன்னலுக்கு வெளியே விலங்குகள் மேயும். பூங்காவில் சுற்றிக் களைத்த பிறகு நேராக அங்கே போக நினைத்தால் 60 நாள் முன்பே மேசை பதிவு செய்யலாம். இருட்டுவதற்கு முன்னான நேரமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.